ஏழாவது நாற்காலியும் பதினோரு இன்ஜினும்

மார்ச் 3

அண்ணா,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆறு வருடமாகப் பேசாத அண்ணனுக்கு அப்படி எழுதினால், முதல் வரியோடு மடித்து அலமாரியில் செருகிவிடுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நான் விண்ணப்பித்திருக்கிறேன்.

ஆமாம், நான்தான். நம் கடலோரப் பகுதிக்கான நாற்காலி காலியாகிறது. அதில் இருக்கிறவருக்கு எழுபது வயது முடிகிறது. எழுபது ஆனால் யாராக இருந்தாலும் எழுந்தாக வேண்டும். நேற்று படிவத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா நழுவிக் கீழே விழுந்தது. உன் மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு, “தீர்ப்புல போடுறப்போ நழுவாத பேனா இதுக்கு நழுவுதா?” என்று சிரித்தார்.

படிவம் முப்பத்தாறு பக்கம். இருபத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி: உங்கள் இரத்த உறவினர் யாராவது உங்கள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது உண்டா? ‘உண்டு’ என்று எழுதி, உன் பெயரும் முகவரியும் எழுதினேன். தேர்வுக் குழுவினர் உன்னைக் கேட்கலாம். அவர்கள் கேட்காவிட்டாலும், விண்ணப்பித்தவர்களைப் பற்றி ஊரில் யார் வேண்டுமானாலும் முப்பது நாளுக்குள் குழுவுக்கு எழுதலாம். வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

போன் செய்யலாம் என்று பார்த்தேன். “உன் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டாரு. லெட்டர்னா ஒருவேளை படிப்பாரு” என்று அண்ணி சொன்னாள். அவளும் நானும் அவ்வப்போது பேசிக்கொள்வது உனக்குத் தெரியாதது போல இருந்துவிடு.

வாலு


மார்ச் 11

மாண்புமிகு நீதிபதி அம்மையாருக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் அண்ணி ஒன்றும் தெரியாதவள் போல அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாங்கள், அம்மையார் எல்லாம் எனக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத வரவில்லை. ‘நீ’ என்றே எழுதுகிறேன். பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே.

உனக்கு ஒரு நாற்காலி வேண்டியிருக்கும்போது அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. பரவாயில்லை. எனக்கு ஞாபகம் இருப்பதையும் கேட்டுக்கொள்.

ஒரு காலையில் துறைமுக நிர்வாகத்தின் ஆட்கள் வந்து படகுத்துறையிலிருந்த என் பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். நோட்டீஸ் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. உள்ளே பதினோரு இன்ஜின் பிரித்துப் போட்டபடி கிடந்தன. பூட்டைத் திறக்கச் சொல்லி வழக்குப் போட்டேன். வழக்குக் கட்டு உன் மேசைக்குப் போயிருக்கிறது என்று தெரிந்ததும் துறையில் ஒருத்தன் பாக்கியில்லாமல், “உனக்கென்னப்பா, தங்கச்சியே ஜட்ஜு” என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விலகிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் ஆயிற்று, ஒரு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. வாய்தா அன்றைக்கு வந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. “மனுதாரர் என் உடன்பிறந்தவர், நான் விலகுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

அதை முதல் நாளே செய்திருந்தால் என்ன? கோர்ட் விடுமுறைக்கு முன்னால் இன்னொரு நீதிபதியிடம் வரிசை கிடைத்திருக்கும். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி வைத்திருப்பாரே, அந்த இரட்டைக் கண்ணாடிக்காரரிடம் என் கட்டு போய்ச் சேர்ந்து, விடுமுறை முடிந்து, என் முறை வர நான்கு மாதம். அதற்குள் உப்புக் காற்று பதினோரு இன்ஜினையும் தின்றுவிட்டது. அவரும் கடைசியில், நிர்வாகம் பூட்டலாம், சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார். இப்போது படகுக் கம்பெனியில் இன்னொருத்தனுக்குக் கீழே ஸ்பானர் பிடிக்கிறேன்.

யார் வேண்டுமானாலும் குழுவுக்கு எழுதலாம் என்றாயே. நானும் எழுதத்தான் போகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீ இப்போதே நீதிபதிதானே? பேனா நழுவுகிற அளவுக்கு அந்தக் கோர்ட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

படகு மெக்கானிக்


மார்ச் 16

அண்ணா,

என்ன இருக்கிறது என்று கேட்டாயே, அது போதும்! கடிதத்தை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். திட்டியிருக்கிறாய், சரி. ஆனால் கேள்வியும் கேட்டிருக்கிறாய்.

சொல்கிறேன். இங்கே நான் தனி ஆள். நான் தப்பாகச் சொன்னால் மேலே போய்ச் சரிசெய்துகொள்ளலாம். அங்கே மேலே என்று ஒன்று கிடையாது. ஏழு பேர், மாநிலத்தின் ஏழு பகுதிக்கும் ஒவ்வொருவர். ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் எந்த வழக்கையும் கேட்பார்கள். நான்கு பேர் ஒரு பக்கம் வந்துவிட்டால், மாநிலத்தின் மூலைமுடுக்கெல்லாம் அதுதான் சட்டம். தலைமை நீதிபதியைக்கூட யாரும் மேலிருந்து கொண்டுவந்து உட்கார வைப்பதில்லை. நான்கு வருடத்துக்கு ஒரு தடவை ஏழு பேரும் சீட்டெழுதிப் போட்டுத் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்கும் ஒரே ஓட்டுத்தான்.

அங்கே போய்ச் சேருவதற்கு மூன்று வாசல். முதலில் தேர்வுக் குழு, ஒன்பது பேர். தலைமை நீதிபதி, வக்கீல்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் நான்கு வக்கீல்கள், சட்டம் படிக்காத பொதுமக்கள் நான்கு பேர். இந்தத் தடவை அந்த நான்கு பேரில் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அம்மாவும் ஒரு பல் டாக்டரும் இருக்கிறார்கள். எல்லோரையும் கூப்பிட்டு, ஊரார் முன்னிலையில் கேள்வி கேட்டு, மூன்று பெயரை ஆளுநருக்கு அனுப்புவார்கள். அவர் அந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். தெரிந்தவன், வேண்டியவன் என்று பட்டியலுக்கு வெளியே கை நீட்ட முடியாது. அப்புறம் மூன்றாவது வாசல் ஜனங்கள். ஒரு வருடமாவது வேலை பார்த்த பிறகு வருகிற பொதுத் தேர்தலில், இவர் நீடிக்கலாமா என்று ஓட்டுச் சீட்டில் கேட்பார்கள். ஆம், இல்லை, இரண்டே கட்டம். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. நமக்கு நாமே எதிரி.

மொத்தம் பதினான்கு பேர் விண்ணப்பித்திருக்கிறோம்.

நீ எழுது. நிஜமாகத்தான் சொல்கிறேன். முதல் நாளே செய்திருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் பாதியில் எழுந்துவிட்டேன்.

வாலு


ஏப்ரல் 2

வாலுக்கு,

எழுதிப் போட்டுவிட்டேன். ஒரே பக்கம். உன்னை நல்லவள் என்றும் எழுதவில்லை, கெட்டவள் என்றும் எழுதவில்லை. நடந்ததை எழுதி, இதற்கு அவளிடம் காரணம் கேளுங்கள், என்னிடம் அவள் சொல்லவில்லை என்று முடித்திருக்கிறேன். பெயரில்லாமலும் அனுப்பலாம் என்று துறை டிக்கெட் கவுன்டர்க்காரி சொன்னாள். மொட்டைக் கடிதாசி எழுதுகிற வம்சமா நாம்? கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உன் அண்ணி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வீடு இதே வியாதி.

பேருந்து ஓட்டுகிற அம்மாவா குழுவில்? பரவாயில்லையே.

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணா,

நேற்று நேர்காணல். இன்னும் காது சூடு ஆறவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கு முன்னால் சொன்ன பிறகு உனக்குச் சொல்கிறேன்.

நீளமான மேசை. ஒன்பது பேர். எனக்குப் பின்னால் நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். வக்கீல்கள் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்த கேள்விகள், மளமளவென்று சொன்னேன். அரை மணி நேரத்தில் என் குரலே எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் அந்தப் பேருந்து அம்மா ஒரு காகிதத்தை எடுத்தார். உன் எழுத்து, இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

முழுக்கப் படித்தார்.

“இதுல சொன்னது உண்மைங்களா?” என்றார்.

“உண்மைதான்.”

“மூணு வாரம் என்னங்க பண்ணீங்க?”

வேலைப்பளு என்று சொல்லியிருக்கலாம், அண்ணா. எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஒரு வக்கீல் அதைச் சொல்லச் சொல்லித் தலையை ஆட்டிக்கூட எடுத்துக் கொடுத்தார்.

“கேஸ் கட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்” என்றேன். “எங்கண்ணன் பக்கம் நியாயம் இருந்துச்சு. நான் விலகினா கேஸ் போற அந்த இன்னொரு ஜட்ஜு எப்படித் தீர்ப்பு சொல்வாருன்னு எனக்குத் தெரியும். நானே விசாரிச்சிடலாமான்னு யோசிச்சேன். கல்யாணத்துக்கு அப்புறம் என் பேரு வேற, அவரு பேரு வேற. எதிர்த்தரப்பு வக்கீல் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரிஞ்சிருக்காது. மூணு வாரம் இதையேதான் யோசிச்சேன். கடைசியில எனக்கு தைரியம் வரல. இல்ல, புத்தி வந்துச்சுன்னு வெச்சுக்கங்க. எது வந்ததோ, லேட்டா வந்துச்சு. அதுக்கு அவரு பட்டறையே போச்சு.”

“உங்கண்ணன்கிட்ட இதச் சொன்னீங்களா?”

“இல்லைங்க. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.”

தலைமை நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இரண்டு வக்கீல்கள் எதையோ அடித்து எழுதினார்கள். என் பெயரைத்தான் அடித்தார்களோ என்னவோ. வெளியே வந்ததும் உன் மாப்பிள்ளை கேட்டார், “ஏம்மா, உனக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?”

வேண்டும், அண்ணா. கொள்ளை ஆசை. ஆனால் அந்த அம்மா கேட்டபோது பொய் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், தினமும் குத்தும்.

அன்று கோர்ட்டில் உன் முகத்தைப் பார்க்காமல் போனதற்குக் காரணமும் அந்த மூன்று வார யோசனைதான். பார்த்திருந்தால் உன் வழக்கை நானே விசாரிக்க உட்கார்ந்துவிட்டிருப்பேன்.

வாலு


மே 6

வாலு,

உன் கடிதத்தைத் துறையில் நின்றுகொண்டே பிரித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட் கவுன்டர்க்காரி ஓடிவந்து, “என்னண்ணே, யாருக்கு என்ன?” என்கிறாள்.

ஆறு வருடமாக நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். தங்கச்சி பெரிய ஆளாகிவிட்டாள், கிரீஸ் படிந்த அண்ணன் அவளுக்கு அவமானம், அதனால்தான் என் கட்டு தூசி படிந்து கிடந்தது என்று. நீ மூன்று வாரம் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாய் என்று எவன் கண்டான்? அடி லூசு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் முன்பு இருந்த இடத்தில் இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அண்ணி பேப்பரோடு மூச்சுவாங்க வந்தாள். மூன்று பெயர்! இரண்டாவது பெயர் நீ! குழுவில் ஐந்து பேர் உனக்கு, நான்கு பேர் எதிராம். ஒரு ஓட்டு! அந்தப் பேருந்து அம்மா எந்தப் பக்கம் என்று போடவில்லை. போடாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும்.

ஆளுநர் எத்தனை நாளைக்குள் சொல்ல வேண்டும்? உடனே எழுது. சந்தோஷப்படுகிறேன் என்று நினைக்காதே. விவரத்துக்காகக் கேட்கிறேன்.

அண்ணன்


ஜூலை 1

அண்ணா, அண்ணா, அண்ணா!

நீ கேட்ட விவரம்: ஆளுநருக்கு அறுபது நாள் கெடு. ஐம்பத்தாறாம் நாள்வரை ஒரு தகவலும் இல்லை. மற்ற இரண்டு பேரில் ஒருவர்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

இன்று காலை பதினொரு மணி. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்குள் வேலித் தகராறு. ஒருவருடைய முருங்கை மரம் அடுத்தவர் கூரைமேல் சாய்கிறது. சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது கோர்ட் கிளார்க் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ‘ஆளுநர் லைனில் இருக்கிறார்.’ யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன்! கிளார்க் குனிந்து, “அம்மா, நெஜம்மா அவருதாம்மா” என்றபோது அவர் குரலே கீச்சென்று போயிற்று. பத்து நிமிடம் ஒத்திவைத்துவிட்டு அறைக்கு ஓடினேன். அங்கி கதவுப் பிடியில் மாட்டிக் கிழிந்தது.

“மூணு பேர் ஃபைலையும் படிச்சேன்” என்றார் ஆளுநர். “மத்த ரெண்டு பேரும் தாங்க செஞ்ச நல்லதை எழுதியிருந்தாங்க. நீங்க செஞ்ச தப்பு மட்டும்தான் எனக்கு மனசுல நின்னுச்சு. வர்றீங்களா?”

வருகிறேன் என்று சொன்னேனா, சத்தம்தான் வந்ததா, நினைவில்லை.

திரும்பி வந்து வேலித் தகராறை முடித்தேன். கிளையை வெட்டிக்கொள்ளலாம், மரத்தை வெட்டக் கூடாது. இரண்டு பேருக்கும் திருப்தியில்லை. எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

வாலு


ஜூலை 8

வாலு,

கடிதம் வருவதற்கு முன்பே ரேடியோவில் வந்துவிட்டது. உன் அண்ணி தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். நான் துறையில் ஒரு டீசல் பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். படகுக்காரன் ஒருத்தன் ஹார்ன் அடித்தான். அடுத்தவன் எதற்கென்று தெரியாமல் அவனும் அடித்தான். அப்புறம் துறையிலிருந்த ஒன்பது படகும் சேர்ந்து அடிக்க, துறைமுக நிர்வாகத்து ஆள், ஏதோ தீப்பிடித்துவிட்டதென்று தண்ணீர் பைப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். விஷயத்தைச் சொன்னோம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கம்பெனி மேலாளர் கூப்பிட்டு, “இனிமே உங்களை எப்படிக் கூப்பிடறது?” என்றார். பழையபடி ‘யோவ்’ என்றே கூப்பிடச் சொன்னேன்.

அங்கியைத் தைத்துக்கொண்டாயா?

அண்ணன்


அக்டோபர் 19

அண்ணா,

புது ஆள் என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது. மேடையில் நடு நாற்காலி தலைமை நீதிபதிக்கு. அவருக்கு வலம், இடம் என்று அனுபவப்படி உட்கார்ந்து வந்தால், கடைசி ஓரம் எனக்கு. தூண் பாதி மறைக்கிறது. வக்கீல் கொஞ்சம் நகர்ந்தால் குரல் மட்டும் வரும்.

வழக்கைக் கேட்டு முடித்ததும் ஏழு பேரும் பின்னாலிருக்கிற அறைக்குப் போவோம். வேறு யாருக்கும் அனுமதி இல்லை; எழுத்தர் கிடையாது, தண்ணீர் கொண்டுவருகிறவர்கூடக் கிடையாது. கதவைத் தட்டினால் எழுந்து திறக்க வேண்டியது கடைக்குட்டி நீதிபதி. ஆனால் இதைக் கேள்: கருத்துச் சொல்லும்போது வரிசை தலைகீழ். முதலில் பேச வேண்டியதும் கடைக்குட்டிதான்! பெரியவர்கள் பேசிய பிறகு சின்னவர்கள் ஆமாம் போட்டுவிடக் கூடாதாம். முதல் நாள் ஆறு ஜோடிக் கண்கள் என்மேல். “நான் வேற மாதிரி நினைக்கிறேன்” என்று ஆரம்பித்தேன். அந்த வழக்கில் ஆறுக்கு ஒன்று என்று தோற்றேன். அடுத்த வாரம் இன்னொன்றில் நான் சொன்ன பக்கம் மூன்று பேர் வந்தார்கள். நான்கு! அறையைவிட்டு வெளியே வரும்போது கால் தரையில் பாவவில்லை.

வழக்குகளைப் பற்றி எழுத முடியாது. கேட்காதே. நீயா கேட்பாய், அண்ணியைத்தான் சொல்கிறேன்.

வாலு


நவம்பர் 12

வாலு,

நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வருடம் தாண்டி, ஜனங்கள் ஓட்டும் வந்துவிட்டது; அது முடிந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஓட்டுக்கு ஒரு மாதம் முன்பு உனக்கு எதிராக யாரோ அச்சடித்ததென்று நீ அனுப்பி வைத்த துண்டுப் பிரசுரத்துக்கு நான் ஏன் பதில் போடவில்லை என்று நினைத்திருப்பாய். ‘அண்ணனின் வழக்கை ஒளித்து வைத்த நீதிபதிக்கா உங்கள் ஓட்டு?’ என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே நான் குழுவுக்கு எழுதிய கடிதம், என் கையெழுத்தோடு! யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சடிக்கலாமாம். நீதிபதி பதவியில் இருக்கும்போது நீ வாய் திறந்து பதில் சொல்லக் கூடாது என்று உன் அண்ணி சொன்னாள். நான் நீதிபதி இல்லையே.

ஒன்பது நாள் லீவு போட்டேன். காலைப் படகுக்கு வரிசை நிற்கிறபோது ஒரு டீசல் டின்மேல் ஏறி நின்று, “இந்த லெட்டர எழுதினவன் நான்தான்யா! இதுக்கு அவ சொன்ன பதிலையும் கேட்டுட்டுப் போங்க!” என்று ஆரம்பிப்பேன். முதல் நாள் தொண்டை கட்டிவிட்டது. இரண்டாம் நாள் ஒருத்தன், “தங்கச்சிக்கு ஓட்டுக் கேக்க வந்துட்டியா?” என்றான். “கேக்கல. ஆம்னு போடு, இல்லன்னு போடு. பாதிக் கதைய மட்டும் படிச்சிட்டுப் போடாத” என்றேன். நான்காம் நாளிலிருந்து எதிர்க்கரை ஆட்களும் இறங்கி நின்று கேட்டுவிட்டு அடுத்த படகில் போனார்கள்.

எண்ணி முடிக்கும்வரை ரேடியோவை விட்டு நகரவில்லை. நாற்பத்தொன்பது என்றான், ஐம்பது என்றான், மறுபடி நாற்பத்தொன்பது என்றான். உன் அண்ணி சாமி அறைக்கும் ரேடியோவுக்கும் நடந்து நடந்து ஓய்ந்துவிட்டாள். கடைசியில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று! நம் துறையில் எழுபத்தெட்டு!

நான் எந்தக் கட்டத்தில் போட்டேன் என்று கேட்காதே. ரகசிய ஓட்டு.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். நல்ல செய்தி, ஆனால் மறுபடியும் உனக்கு என்மேல் கோபம் வரலாம்.

போன வருடக் கடைசியில் ஒரு வழக்கு எங்களிடம் வந்தது. தீர்ப்பு இன்றுதான் வெளிவந்தது, அதனால் இன்றுதான் சொல்லலாம். வடக்குத் துறையில் வலை பின்னுகிற பெண்கள் பதினாறு பேருடைய கொட்டகைகளுக்கு அங்கேயுள்ள நிர்வாகம் பூட்டுப் போட்டுவிட்டது. நோட்டீஸ் இல்லை. அதே சட்டம், அண்ணா, உன் பட்டறையைப் பூட்டிய அதே சட்டம், அதே வரி.

கட்டைப் பிரித்தேன். முதல் பக்கம் படித்தேன். மூடி வைத்துவிட்டுத் தலைமை நீதிபதியின் அறைக்கு நேராகப் போய், “என் அண்ணனுக்கு இதே நடந்திருக்கு, நான் இதுல உட்கார முடியாது” என்றேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது அழுகை வந்தது. ஏழு பேரில் அந்தச் சட்டம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான்தான் எழுந்தாக வேண்டும்.

ஒருவர் விலகினால் ஆறு பேர். மூன்றுக்கு மூன்று என்று நின்றுவிடக் கூடாது என்பதற்காக, மாவட்ட நீதிபதிகள் பெயரையெல்லாம் சீட்டெழுதிப் போட்டு ஒருவரை அந்த ஒரு வழக்குக்கு மட்டும் அழைப்பார்கள். நாற்பத்தொரு சீட்டு. குலுக்கி எடுத்த பெயரை மறுநாள் வாசலில் ஒட்டினார்கள். இரண்டு தடவை படித்தேன்.

உன் இரட்டைக் கண்ணாடிக்காரர்!

என் நாற்காலியில், தூணுக்குப் பின்னால், அவர். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் உன்னிடம் ஒரு வார்த்தை எழுத முடியாமல் எப்படி இருந்தேன் என்று கேட்காதே.

இன்று காலை தீர்ப்பு. நான்குக்கு மூன்று. வலைப் பெண்கள் ஜெயித்துவிட்டார்கள்! இனி மாநிலத்தில் எந்தத் துறையிலும் முன்கூட்டிச் சொல்லாமல், அவர்கள் தரப்பைக் கேட்காமல், ஒரு கொட்டகையைக்கூடப் பூட்ட முடியாது. அந்த நான்காவது ஓட்டு யாருடையது தெரியுமா? அவரே தனியாக இரண்டு பத்தி எழுதியிருக்கிறார். நகல் வைத்திருக்கிறேன். ஒரு வரி: ‘எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு படகு மெக்கானிக்கின் வழக்கில் இதே கேள்விக்கு நான் அவசரமாக வேறு பதில் சொன்னேன். அன்று தவறினேன்.’

உன் பெயர் இல்லை. ஆனால் நீதான் அது. இனி எந்தச் சட்டப் புத்தகத்தில் அந்தத் தீர்ப்பு இருந்தாலும் நீ அதில் இருப்பாய்.

உன் வழக்கு முடிந்துபோனது, அண்ணா. அது திரும்பாது. பட்டறை வராது. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் உன்னிடம் இனி எதையும் தாமதமாகச் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

வாலு


மார்ச் 1

வாலு,

கோபம் வரவில்லை. ‘அன்று தவறினேன்’ என்ற அந்த வரியை உன் அண்ணி நான்கு தடவை உரக்கப் படித்தாள். நான்காவது தடவை நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஒரு மனுஷன் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு தன் தப்பைத் தானே எழுதியிருக்கிறார். அவரைப் பற்றி இத்தனை வருடம் நான் பேசிய பேச்சையெல்லாம் வாபஸ் வாங்க முடியாது. கண்ணாடி விஷயத்தை மட்டும் விடமாட்டேன்.

மறுநாளே ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு வடக்குத் துறைக்கு பஸ் ஏறிவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பூட்டுத் திறப்பதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நிர்வாகத்து ஆள் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தான். திறக்கவில்லை. ஒரு வருட உப்பு. பெண்கள் பதினாறு பேரும் சுற்றி நின்று, “தீர்ப்பு வந்தும் திறக்கலியே” என்று அவனை வறுத்தெடுக்கிறார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் எண்ணெய் விட்டு, நாலு தட்டுத் தட்டி, முதல் பூட்டைத் திறந்தேன். அவர்கள் போட்ட கூச்சல் உன் கோர்ட்டுக்கே கேட்டிருக்க வேண்டும்! வரிசையாகப் பதினாறு பூட்டும் திறந்தேன். கை கொப்பளித்துவிட்டது.

அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு அம்மா இருந்தார். “நீங்க யாருங்க? வக்கீல் அனுப்பிச்ச ஆளா?” என்றார்.

“இல்லம்மா. அந்தத் தீர்ப்புல கையெழுத்துப் போடாத ஜட்ஜோட அண்ணன்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “போட்டவங்க ஏழு பேர்ல ஒருத்தரும் வரல. போடாதவங்க வீட்டுல இருந்து வந்திருக்கீங்களே!” என்று சிரித்தார். அப்புறம் என்னை விடவில்லை. ஒரு கொட்டகையில் மோட்டார் ஓடவில்லை, இன்னொன்றில் ராட்டினம் சுற்றவில்லை. நான்கு நாள் ஆகிவிட்டது. அந்தப் பதினாறுக்கும் அப்பால் கடைசியில் ஒரு கொட்டகை ஆளில்லாமல் கிடக்கிறதாம், பட்டறை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உன் அண்ணியிடம் போனில் சொன்னேன். “அங்க தண்ணி வசதி எப்படி?” என்று மட்டும் கேட்டாள். அப்படியென்றால் சம்மதம்.

இங்கிருந்து உன் ஊருக்கு நேர் பஸ் இருக்கிறது. பத்து மணி வண்டி. நீ உட்காருகிற இடத்தை, தூண் மறைக்கிறதோ இல்லையோ, பின் வரிசையில் நின்றாவது ஒரு தடவை பார்க்க வேண்டும். இதைத் தபாலில் போட்டுவிட்டு அப்படியே ஏறுகிறேன். கடிதம் முந்துகிறதா, நான் முந்துகிறேனா, பார்ப்போம்.

அண்ணன்